லாயத்துப் பையனும் ஐந்து ராத்தலும்

வாசகர் கேள்வி – பதில்

நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தின் பயிற்சி ஜாக்கிகளைப் பற்றிப் போன இதழில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. அதற்கு மதுரைப் பக்கமிருந்து இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எந்தக் குதிரை மேல் பணம் கட்டலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்.

1905-ல் ஒரு பயிற்சிப் பையனே இங்கிலாந்தின் சாம்பியன் ஜாக்கி ஆனான் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு கெட்டிக்காரப் பையன்கள் ஏன் நாலைந்து வருஷத்தில் காணாமல் போனார்கள்? விபத்தா, சூதா?
– வாசகர், ரேஸ்கோர்ஸ் காலனி, மதுரை

இரண்டும் கொஞ்சம் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்களை வெளியேற்றியது தராசுதான்.

நீங்கள் சொல்லும் பையன் எலைஜா வீட்லி. அந்த ஆண்டு 124 பந்தயங்களில் ஜெயித்தார். அப்படி ஒருவர் மேலே வர, பெயரே அச்சில் ஏறாத பையன்கள் லாயங்களில் நிறைந்து கிடந்தார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் குதிரைப் பயிற்சியாளரிடம் ஐந்து முதல் ஏழு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பார்கள். சாப்பாடு, படுக்கை, உடுப்பு, கைச்செலவுக்குச் சில்லறை எல்லாம் முதலாளியான அந்தப் பயிற்சியாளர் பொறுப்பு. பையனின் பொறுப்பு இரண்டு குதிரை. விடியுமுன் எழுந்து சாணமும் ஈர வைக்கோலும் அள்ள வேண்டும். முதல் அணியோடு ஓட்டத்துக்குப் போக வேண்டும். திரும்பி வந்ததும், முறுக்கிய வைக்கோல் பிரியால் தசையில் ரத்தம் ஓடும்வரை குதிரையைத் தட்டித் தேய்க்க வேண்டும். சாயங்காலம் முதலாளி ஒவ்வொரு குதிரையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வருவார். அப்போது அதன் காலில் சூடு (அடிபட்டதற்கு அடையாளம்) இருந்தால் அதைப் பையன் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இதில் தேறினால்தான் பந்தயச் சவாரி. பாதிப் பேருக்கு மேல் பந்தயத்துக்கான பட்டுச் சட்டை போடாமலே ஒப்பந்தத்தை முடித்தார்கள்.

சவாரி கிடைத்தவனுக்குக் கூலி ஒழுங்காகவே இருந்தது. தோற்ற சவாரிக்கு 3 கினி, ஜெயித்ததற்கு 5 கினி. ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற அன்றைய கணக்கில் 3 கினி நம்மூர்ப் பணத்தில் 47 ரூபாய் 4 அணா. வழக்கமாக அதில் பாதி முதலாளிக்குப் போகும். அதாவது சவாரி நிறைய வாங்கும் பையன் முதலாளிக்கு வருமானம்.

இந்த வருமானம் இரண்டு விஷயத்தை நம்பி இருந்தது. ஒன்று, பையனின் எடை. ஹேண்டிகேப் பந்தயம் என்றால் கெட்டிக்காரக் குதிரைக்கு அதிக எடையும் மந்தமான குதிரைக்குக் குறைந்த எடையும் விதித்து ஓடவிடுவது. அந்நாளைய ஹேண்டிகேப் பந்தயங்களில் கடைசிக் குதிரைக்கு 6 ஸ்டோன், அதாவது 38 கிலோதான் விதிப்பார்கள். வளர்ந்த ஆட்களில் பெரும்பாலோரால் அந்த எடைக்கு இறங்க முடியாது. இன்னொன்று பயிற்சிச் சலுகை. அனுபவம் குறைந்தவன் என்பதற்காக அவன் ஏறும் குதிரைக்கு 5 ராத்தல் குறைத்துக் கொள்ளலாம். பெரிய பந்தயங்களில் இது செல்லாது. அவன் தேறிவிட்டான் என்று விதி கருதும் கட்டத்தில் சலுகையும் நின்றுவிடும்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே வயதில் தீர்வதுதான் சிக்கல். பதினேழு, பதினெட்டில் தோள் விரிந்து எடை 50 கிலோவைத் தாண்டும். சலுகையும் இருக்காது. குதிரைச் சொந்தக்காரர் பக்கமிருந்து பாருங்கள்: அதே கூலிக்கு, அதே எடையில், பதினைந்து வருஷ அனுபவமுள்ள ஜாக்கி கிடைக்கும்போது இவனை ஏன் ஏற்ற வேண்டும்? முதலாளிக்கும் கவலை இல்லை. வாசலில் அடுத்த பதின்மூன்று வயதுப் பையன் நிற்கிறான். தப்பு செய்யாமலே ஒருவனுக்கு வேலை போகிற அமைப்பு இது. அதனால்தான் அந்தக் காலப் பத்திரிகைகளில் இவர்கள் ஏன் போனார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது. பெயர் வருவது நின்றுபோகும், அவ்வளவுதான்.

உச்சத்துக்குப் போனவர்களுக்கும் தராசு விலக்குத் தரவில்லை. ஃபிராங்க் ஊட்டன் 1893-ல் சிட்னியில் பிறந்தவர். குதிரைப் பயிற்சியாளரான தந்தையிடமே பழகினார். பத்து வயது முடியுமுன் தென்னாப்பிரிக்காவில் ஜெயித்தார். 1906-ல், பன்னிரண்டு வயதில், இங்கிலாந்தில் முதல் வெற்றி. 1909 முதல் 1912 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு சாம்பியன். 1909-ல் பெரோலா என்ற குதிரை மீது ஓக்ஸ், 1910-ல் ஸ்வின்ஃபோர்டு மீது செயின்ட் லெஜர் என்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்தார். 1913-ல், இருபது வயதை ஒட்டி, எடை கூடியதால் சமதளப் பந்தயத்தை விட்டார். உலகப் போரில் மெசபடோமியாவுக்குப் போய்வந்து, எடை வரம்பு தாராளமாக உள்ள தடை தாண்டும் பந்தயங்களில் மறுபடி பெயரெடுத்தார். அப்படி ஒரு இரண்டாம் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. தடை தாண்டும் சவாரிக்கு வேறு துணிச்சல் வேண்டும், காறை எலும்பு முறிவதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

5 ராத்தல் என்பது இரண்டேகால் கிலோதானே? 500 கிலோ குதிரைக்கு அது ஒரு சுமையா?
– வாசகர், மேலூர்

ஒரு மைல் பந்தயத்தில் 2 ராத்தலுக்கு ஒரு குதிரை நீளம் என்பது எடை விதிப்பவர்களின் நடைமுறைக் கணக்கு. 5 ஃபர்லாங் குறுகிய ஓட்டத்தில் 3 ராத்தலுக்கு ஒரு நீளம். தூரம் கூடக் கூட ஒவ்வொரு ராத்தலும் அதிகமாக இழுக்கும். ஆக ஒரு மைலில் 5 ராத்தல் என்றால் இரண்டரை நீளம், சுமார் 6 மீட்டர். பந்தயக் குதிரை ஒரு ஃபர்லாங்கை, அதாவது 201 மீட்டரை, 12 நொடியில் ஓடும். அந்த வேகத்தில் 6 மீட்டர் என்பது நொடியில் மூன்றில் ஒரு பங்கு. ‘தலை’, ‘கழுத்து’ வித்தியாசத்தில் முடிகிற ஆட்டத்தில் இது மலை.

ஆனால் கையில் இருக்கும் இரண்டரை நீளத்தைப் பையன் எங்கே தொலைப்பான் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். முதல் இடம் தொடக்கக் கோடு. குதிரைகளை வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் திறந்துவிடும் இன்றைய இரும்புக் கூண்டுகள் இங்கிலாந்துக்கு வந்தது 1965-ல்தான். அதற்கு முன் குறுக்கே நாடாக்கள் கட்டிய தடுப்பு. 1890-களில் ஆஸ்திரேலியாவில் புழக்கத்துக்கு வந்தது அது. நாடா சட்டென்று மேலே பறக்கும்போது மிரளும் குதிரை பின்வாங்கும், அல்லது அப்படியே திரும்பிக்கொள்ளும். கைதேர்ந்தவன் நாடாவுக்கு மூக்கைக் காட்டியபடி, குதிரையை மெல்ல முன்னே நடத்திக்கொண்டே இருப்பான். புதியவன் நிறுத்தி வைப்பான். நின்ற குதிரை கிளம்புவதற்குள் மூன்று நீளம் போய்விடும்.

இரண்டாவது இடம் முதல் இரண்டு ஃபர்லாங். 38 கிலோப் பையனின் கைப்பலத்தில் குதிரையை அடக்க முடியாது. இழுக்க இழுக்க அது இன்னும் முண்டும். லகானின் இரண்டு வாரையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் பாலம்போல் இரு கையிலும் பிடித்து, முட்டிகளைக் குதிரையின் கழுத்தில் ஊன்ற வேண்டும். அப்போது குதிரை தன் கழுத்தையே எதிர்த்து இழுக்கும், பையனின் தோள் தப்பும். இதைக் கற்காதவன் ஆரம்பத்தில் வேகமாக ஓடவிட்டு, கடைசி ஃபர்லாங்கில் காலியான குதிரைமேல் சவுக்கை வீசிக்கொண்டிருப்பான்.

தொடக்கக் கோட்டில் தொழிலே முறிந்ததும் உண்டு. ஃபிராங்க் ஊட்டனின் தம்பி ஸ்டான்லி, பயிற்சி ஜாக்கிகளை உருவாக்குவதில் பெயர் பெற்றவர். அவரிடம் பழகிய சார்லி ஸ்மர்க் 1928-ல் ஏறிய ஒரு குதிரை கிளம்பாமல் நின்றுவிட்டது. அவர் அதைக் கிளப்ப முயலவில்லை என்று தீர்ப்பாகி ஐந்து வருஷம் பந்தய மைதானத்துக்குள்ளேயே வரக்கூடாது என்று தடை. திரும்பி வந்த மறு ஆண்டு, 1934-ல், நம் நாட்டு ராஜ்பிப்லா மகாராஜாவின் குதிரையான விண்ட்சர் லாட் மீது, இங்கிலாந்தின் பெரும் பந்தயமான டெர்பியை ஜெயித்தார். இந்தியர் ஒருவரின் குதிரை டெர்பி வென்றது அப்படித்தான்.

ஜாக்கிகள் குதிரையில் உட்காராமல் குந்தியபடி தொங்குவது ஏன்? பழைய படங்களில் நிமிர்ந்துதானே உட்கார்ந்திருக்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, திருமங்கலம்

அமெரிக்க ஜாக்கிகள், முக்கியமாக 1897-ல் இங்கிலாந்துக்கு வந்த டாட் ஸ்லோன், பரப்பிய முறை இது. முதலில் சிரித்தார்கள், ஸ்லோன் ஜெயிக்க ஜெயிக்கப் பழகிக்கொண்டார்கள். அங்கவடியை உயர்த்திக் கட்டி, முழங்காலை மடித்து, பின்பக்கம் சேணத்தில் படாமல் நின்றால் குதிரையின் முதுகு ஏறி இறங்கும்போது ஜாக்கியின் உடம்பு கூடவே ஏறி இறங்காது. அவன் எடையைக் குதிரை சுமக்கத்தான் செய்கிறது, ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் அதைத் தூக்கித் தள்ள வேண்டியதில்லை. 2009-ல் லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் அளந்து காட்டியது இதைத்தான். இந்த முறை பரவிய காலத்தில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் குறைந்தன. காற்றுத் தடை குறைவதும் உபரி லாபம்.

வலி முழுக்கத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும்தான். எடை குறைக்கப் பட்டினி போட்டு உடம்பை வற்ற வைத்த பையன் கடைசி ஃபர்லாங்கில் கால் நடுங்கி, சேணத்தில் தொப்பென்று உட்காருவான். குதிரை உடனே தடுமாறும்.

எடை குறைவான பையன் என்றால் குதிரை லேசாக ஓடும், சரி. அதில் ஏமாற்ற முடியாதா?
– வாசகர், செல்லூர்

ஒரு திருத்தம். குதிரை சுமக்க வேண்டிய எடை விதித்ததுதான். பையன் லேசாக இருந்தால் மீதியை ஈயத்தால் நிரப்புவார்கள். 8 ஸ்டோன் விதித்த குதிரை, 5 ராத்தல் சலுகை போக, 7 ஸ்டோன் 9 ராத்தல் சுமக்கும். அது 48.5 கிலோ. பையன் 38 கிலோ என்றால், மீதி பத்தரைக் கிலோவும் சேணம், அதன் அடியில் விரிக்கும் துணி, துணியின் பைகளில் சொருகிய ஈயத் தகடுகள் என்று சேர வேண்டும். தகடுகளை முன்பக்கப் பைகளில் இரண்டு பக்கமும் சமமாகப் போட வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் வளைவில் சேணம் சரியும். ஈயம் அசையாத பாரம் என்பதால், அதே எடைக்கு உயிருள்ள உடம்பையே பல பயிற்சியாளர்கள் விரும்பினார்கள்.

ஏமாற்றைத் தடுக்கப் பந்தயத்துக்கு முன்னும் பின்னும் சேணத்தோடு தராசில் உட்கார வைப்பார்கள். போனபோது இருந்த எடை திரும்பும்போது இல்லையென்றால் வெற்றி ரத்து. சேணம் அவிழ்க்க ஒதுக்கிய இடத்துக்கு வந்து சேருமுன் ஜாக்கி இறங்கக்கூடாது. ஜெயித்த சந்தோஷத்தில் வழியிலேயே குதித்துப் பரிசைத் தொலைப்பது புதுப் பையன்களுக்கே உரிய அசட்டுத்தனம்.

எங்கள் பக்கம் கபடிப் போட்டிகளில் எடைப் பிரிவு உண்டு. முந்தைய நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல், கம்பளிச் சட்டை போட்டு ஓடுகிறார்கள். ஜாக்கிகளும் இதைத்தான் செய்தார்களா?
– செவிலியர், அண்ணா நகர், மதுரை

அச்சாக இதையே. இரண்டு மூன்று கம்பளி உடுப்பு போட்டு வேக நடை, பிறகு நீராவிக் குளியல், அதற்கும் இறங்காவிட்டால் பேதி உப்பு. சாப்பாடு ஒரு வேளை.

வேர்வையில் இறங்குவது தண்ணீர். ஒரு லிட்டர் வேர்த்தால் ஒரு கிலோ குறையும், ஒரு லிட்டர் குடித்தால் திரும்ப வரும். கொழுப்பு அப்படியே இருக்கும். 50 கிலோப் பையன் ஒரு கிலோ வேர்வை விட்டாலே உடம்பில் 2 சதவீதம் போய்விட்டது. ஓட்டத் திறன் அங்கேயே குறைய ஆரம்பிக்கும். இரண்டு கிலோ போனால் தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, கணிப்புப் பிசகு. பேதி உப்பு உப்புச் சத்துகளையும் அடித்துக்கொண்டு போவதால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். வளரும் வயதில் இதை வருஷக்கணக்காகச் செய்தால் எலும்பு அடர்த்தி குறையும், அப்புறம் சாதாரணமாக விழுந்தாலே முறியும். பட்டினி உடம்பைக் காய்ச்சலும் காசநோயும் எளிதில் பிடிக்கும்.

13 முறை சாம்பியனான ஃபிரெட் ஆர்ச்சர் நல்ல உயரம். 1886-ல் கேம்பிரிட்ஜ்ஷயர் பந்தயத்துக்காக உடம்பை வற்ற வைத்து, ஒரு தலை வித்தியாசத்தில் தோற்றார். சில நாளில் டைபாய்டு. ஜுர மயக்கத்தில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தபோது வயது 29. அடுத்த தலைமுறைப் பையன்கள் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். தெரிந்தும் நீராவி அறைக்குப் போனார்கள்.

உங்கள் கபடிப் பையன்களிடம் ஒன்று சொல்லுங்கள்: ஒரு மாதம் முன்பே வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் குறைக்க முடியாவிட்டால், அது அவர்களுடைய பிரிவு அல்ல. சிறுநீர் அடர் மஞ்சளாக இருக்கும்போது ஆடவிடாதீர்கள்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிண்டி பந்தயம் பற்றிய பழைய செய்தித் துண்டு இருந்தது. குதிரைப் பெயருக்குப் பக்கத்தில் 8–4, 7–9 என்றெல்லாம் போட்டிருக்கிறது. தேதியா?
– வாசகர், சிம்மக்கல்

எடை. முதல் எண் ஸ்டோன், அடுத்தது ராத்தல். 14 ராத்தல் ஒரு ஸ்டோன். 8–4 என்றால் 116 ராத்தல், அதாவது 52.6 கிலோ. 7–9 விதித்து, அடைப்புக்குள் 7–11 என்றிருந்தால் ஜாக்கியால் எடை இறக்க முடியவில்லை, 2 ராத்தல் கூடுதலாகச் சுமக்க வைத்தார் என்று பொருள். ஒரே ஜாக்கி பெயருக்கு எதிரே இது மாதாமாதம் கூடிக்கொண்டே போனால், அவர் தொழில் முடியப் போகிறது என்று படித்துக்கொள்ளலாம்.

நம்ம பக்கத்துக் குதிரை வண்டிப் பந்தயத்தில் சாரதியை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லையே. அங்கே எடை முக்கியம் இல்லையா?
– வாசகர், அவனியாபுரம்

முக்கியம்தான், ஆனால் முதுகில் இருக்கும் அளவுக்கு இல்லை. வண்டியில் எடையைச் சக்கரம் தாங்குகிறது. தார்ச் சாலையில் 10 கிலோ கூடினால் இழுவை ஒன்றிரண்டு நூறு கிராம்தான் கூடும். கிளம்பும் இடத்திலும், மேட்டிலும், மணல் பாதையிலும் மட்டும் அந்த 10 கிலோ முழுசாகத் தெரியும். அதனால்தான் இங்கே பெரிய குதிரை, நடுக் குதிரை, சின்னக் குதிரை என்று விலங்கைப் பிரிக்கிறோம், ஆளை அல்ல.

சாரதியின் எடையைவிட அவர் எங்கே உட்காருகிறார் என்பது பெரிது. முன்பாரம் கூடினால் ஏர்க்கால் குதிரையின் முதுகை அழுத்தும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் தூக்கி வயிற்று வார் இறுகும், மூச்சு முட்டும். ரயிலடிக்குக் குதிரை வண்டி ஓட்டியவர்கள் ‘கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க’ என்று சவாரிகளை விரட்டிக்கொண்டே வந்தது இதற்காகத்தான். பந்தய வண்டியில் சாரதி எழுந்து நிற்கும்போதும் குனியும்போதும் பாரம் மாறும். பின்னால் வருபவரைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அதைக் கெடுக்கும்.

என் மகனுக்கு 14 வயது, 38 கிலோ. குதிரை என்றால் உயிர். ஜாக்கி ஆக்கலாமா?
– தாய், உசிலம்பட்டி

அந்தக் காலப் பயிற்சியாளர்கள் பையனைப் பார்க்குமுன் அவன் அப்பாவைப் பார்ப்பார்கள், பிறகு பையனின் கையையும் பாதத்தையும் பார்ப்பார்கள். கையும் காலும் பெரிதாக இருந்தால் வளர்ச்சி பாக்கி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்று அதைக் கணக்காகவே போடலாம் அம்மா. அப்பா உயரம், அம்மா உயரம், அதோடு 13 சென்டிமீட்டர் கூட்டி இரண்டால் வகுத்தால் பையனின் உத்தேச உயரம். எட்டரை சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். அப்பா 168, நீங்கள் 155 என்றால் பையனும் 168 வரைக்கும் வருவான். அந்த உயரத்துக்கு ஆரோக்கியமான எடையின் கீழ் எல்லையே 52 கிலோ. ஐம்பது சொச்சம் கிலோவில் சவாரி செய்ய வேண்டிய தொழிலில், சேணத்தையும் உடுப்பையும் சேர்த்தால் அவன் பதினெட்டு வயதில் விளிம்பில் நிற்பான். உங்கள் இருவர் உயரத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். விடை 160-க்குக் கீழே வந்தால் யோசிக்கலாம்.

வயது இன்னொரு தடை. 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களை அபாயமான தொழிலில் வைக்கக்கூடாது என்கிறது 2016-ல் திருத்திய சட்டம். யாராவது ‘லாயத்தில் விடுங்கள், சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்னால் விடாதீர்கள். பத்தாம் வகுப்பை முடிக்கட்டும். அதுவரை தலைக்கவசத்தோடு முறையான சவாரிப் பயிற்சி கிடைத்தால் போகட்டும், குளம்பு சுத்தம் செய்யவும் காலில் சூடு பார்க்கவும் பழகட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தையும் எடையையும் சுவரிலோ நோட்டிலோ குறித்து வையுங்கள். அந்தக் கோடு வேகமாக ஏறினால், குதிரை மேல் உள்ள ஆசையைக் கால்நடை மருத்துவம் பக்கம் திருப்ப இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே உயிரியல் உள்ள பிரிவை எடுக்க வேண்டும்.